பாண்டிச்சேரி வெளிநாடாக இருந்த கடைசி ஞாயிறு

பாட்டுக்குழு என்பது பாடுவதற்காக இருக்கிறது என்று நினைப்பவர்கள் எந்தப் பாட்டுக்குழுவிலும் சேர்ந்து பார்க்காதவர்கள். அது கூட்டம் போடுவதற்காக இருக்கிறது. ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவே சும்மா இருக்க வேண்டாமே என்று இரண்டு பாட்டு பாடுவோம், அவ்வளவுதான். விழுப்புரத்தில் எங்கள் தேவாலயப் பாட்டுக்குழுவுக்குச் செயலாளராக இருந்தவன் நான். அனுபவத்தில் சொல்கிறேன். (செயலாளர் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பெஞ்சு தூக்கிப் போடுகிறவனுக்கு எங்கள் கோயிலில் அதுதான் பெயர்.)

அப்போது எனக்கு ரயில்வே பார்சல் ஆபீஸில் குமாஸ்தா வேலை. கல்யாணம் ஆகாத வயது. குழுவுக்கு முன்னால் நின்று கையை ஆட்டிப் பாட்டு நடத்துவதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு திண்டிவனத்தில் நடந்த ஒரு சபைக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே எஸ்தரைப் பார்த்தேன். நான் கையை ஆட்டுவதைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பாராட்டித்தான் சிரிக்கிறாள் என்று முடிவு செய்து, போதகரை அழைத்துக்கொண்டு பெண் கேட்கவே போய்விட்டேன்.

அவள் அப்பா ஞானமுத்து சார் திண்டிவனத்தில் பூகோள வாத்தியார். அந்த ஊர்ப் பாட்டுக்குழுவுக்கும் அவர்தான் தலைவர். அந்தக் குழு ஒரு முறை கப்பலேறிக் கொழும்புக்குப் போய்ப் பாடிவிட்டு வந்திருந்தது. அதிலிருந்து சார் வாயைத் திறந்தால் "நாங்க கொழும்புல இருந்தப்போ" என்றுதான் ஆரம்பிப்பார். மொத்தம் இருந்தது ஒரு வாரம். பேச்சைக் கேட்டால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி இருக்கும்.

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, பையன் நல்ல பையன்னு போதகர் சொல்றாரு. சம்பளமும் வருது. ஆனா நாங்க வெளிநாடு போய்ப் பாடின குடும்பம். எனக்கு மாப்பிள்ளையா வர்றவன் ஒரு தடவையாவது வெளிநாட்டு மண்ணுல பாட்டு நடத்தியிருக்கணும். நடத்திட்டு வா. பொண்ணைத் தர்றேன்."

வேறு யாராவதாக இருந்தால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருப்பான். எனக்கோ வாய்த்துடுக்கு.

"பாண்டிச்சேரி வெளிநாடுதானே சார்?" என்றேன்.

போதகர் என் தொடையைக் கிள்ளினார். சார் மெதுவாகத் திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த பூகோளப் படத்தைப் பார்த்தார். பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. படத்திலும் அது தனி நிறத்தில் இருந்தது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அந்த நிறத்தைக் காட்டிக் காட்டிப் பாடம் நடத்தியவர், இல்லை என்று எப்படிச் சொல்வார்?

"ஆமா," என்றார், வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு. "ஆனா பிரெஞ்சு மண்ணுலதான் நிக்கணும். பாட்டு முழுசாப் பாடணும். நானே வந்து கேப்பேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து எஸ்தரின் குரல் வந்தது. "எங்க பால்காரரு தினம் அங்க போய்ட்டு வர்றாருப்பா."

பெண் என் பக்கமா, அப்பா பக்கமா என்று அன்றைக்குப் புரியவில்லை. (இன்றைக்கும் சில நாள் புரிவதில்லை.)

விழுப்புரத்துக்குத் திரும்பியதும் குழுவைக் கூட்டி, வெளிநாட்டுப் பயணம் என்று அறிவித்தேன். கோயிலே அமர்க்களப்பட்டது. அடுத்த வாரமே போய்ப் பாடிவிட்டு வந்திருக்கலாம். காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரம். ஆனால் வெளிநாட்டுப் பயணத்தை அப்படியா செய்வார்கள்? கமிட்டி போட்டோம். பெண்களுக்கு வெள்ளைப் புடவை என்று முடிவானது, ஆனால் நீலக் கரையா பச்சைக் கரையா என்பதிலேயே ஒரு மழைக்காலம் போயிற்று. குரூப் போட்டோவைப் போவதற்கு முன்னால் எடுப்பதா, வந்த பிறகு எடுப்பதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கொஞ்ச நாள் ஒருவருக்கொருவர் தோத்திரம் சொல்லிக்கொள்வதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஹார்மோனியம் வாசிக்கிற மாசிலாமணி அண்ணன், வெளிநாடு போகிறவர்கள் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, தானாகப் போய்க் குத்திக்கொண்டு வந்து காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் எழுந்திருக்கும்வரை பயிற்சி கிடையாது. என் அத்தை சென்ட் பாட்டில் கேட்டாள். போதகரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல டார்ச் லைட் கிடைக்குமா என்று விசாரித்தார்.

இப்படியே எல்லாம் பொருந்தி வருவதற்குள் பார்சல் ஆபீஸுக்கு வந்த பத்திரிகைக் கட்டில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்புகிறார்கள். நவம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை, பாண்டிச்சேரி நம் கைக்கு வந்துவிடும்.

பிளாட்பாரம் முழுக்க ஒரே கொண்டாட்டம். போர்ட்டர்கள் ஒருவர் வாயில் ஒருவர் சர்க்கரை போட்டார்கள். நானும் தேசபக்தன்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் இத்தனை வருஷம் இருந்தவர்கள் இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனால் என்ன கெட்டுப்போய்விடும் என்று அன்றைக்கு இந்தியாவிலேயே நான் ஒருவன்தான் நினைத்திருப்பேன். என் வாயிலும் சர்க்கரை போட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறான் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கடைசி ஞாயிறு மத்தியானம், ஆராதனை முடிந்த கையோடு, குழுவை பஸ்ஸில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன். பாண்டிச்சேரியில் ஒரு சின்னக் கோயிலில் சாயங்காலம் பாட ஏற்பாடு. ஞானமுத்து சார் குடையோடு வந்து சேர்ந்தார், கூட எஸ்தர். வழியெல்லாம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. கண்டமங்கலத்தில் பஸ் நின்றுவிட்டது. இதற்கு மேல் வண்டி போகாது என்று சோதனைச் சாவடிக் காவலர் கையைக் காட்டினார்.

"நாளைக்கு வாங்களேன். யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

"இன்னிக்கே போகணும்ங்க," என்றேன்.

"இன்னாத்துக்கு? விடிஞ்சா நம்ம ஊரு. அப்போ ஜாலியாப் போய்ட்டு வாங்க."

"நம்ம ஊரு ஆவறதுக்கு முன்னாடி போகணும்ங்க!"

காவலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் பார்வை ஹார்மோனியப் பெட்டிக்குப் போயிற்று. திறக்கச் சொன்னார், தட்டிப் பார்த்தார், வாசிக்கச் சொன்னார். மழையில் நனைந்த ஹார்மோனியம் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்தது. "இந்தப் பெட்டி இங்கயே கெடக்கட்டும்," என்றார். ஹார்மோனியத்தை விட்டு நகர மாட்டேன் என்று மாசிலாமணி அண்ணன் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது, பாண்டிச்சேரிக் கோயிலுக்கு இனி நடந்து போய்ச் சேரவும் முடியாது. டீக்கடையில் இருந்த ஒருவர், "எல்லை அதோங்க. கொல்லை வழியா வரப்பு மேலயே போய்க்கினே இருங்க, அந்தாண்ட பிரான்ஸுதான்," என்றார். சார் குடையைச் சாய்த்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஒரு சாமானும் எடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் நின்னு ஒரே பாட்டு. உடனே திரும்பணும்," என்றார். கொழும்பு பார்த்த மனுஷனுக்கும் அந்த எல்லையை ஒரு முறை பார்த்துவிட ஆசை இருந்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளைப் புடவையும் வெள்ளைக் கால்சட்டையுமாக நாங்கள் சேற்றில் இறங்கினோம். கொஞ்ச தூரத்திலேயே வழி தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வரப்பு. ஒரு மல்லாட்டைக் கொல்லையில் (வேர்க்கடலை வயலுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்) புருஷனும் பெண்சாதியும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"ஏங்க, பிரான்ஸ் எங்க இருக்கு?" என்று கேட்டேன். (இந்தக் கேள்வியைச் சேற்றில் நின்று கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.)

புருஷன் கிழக்கே கை நீட்டினார். பெண்சாதி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இந்தாளுக்கு இன்னா தெரியும்! அதோ, அந்தப் பெரிய வரப்பு இருக்குதே, அதுக்கு அந்தாண்ட எறங்குங்க. அதான் பிரான்ஸு. ஜல்தியாப் போங்க!"

வரப்பைத் தாண்டிக் குழு மொத்தமும் பிரான்ஸில் இறங்கியது. தரிசாகக் கிடந்த கொல்லை அது. எதிரில் நான், வரப்புக்கு முதுகைக் காட்டியபடி. என் முதுகுக்குப் பின்னால் வரப்புக்கு இந்தப் பக்கம், இந்தியாவில், குடைக்குள் சாரும் எஸ்தரும். ஹார்மோனியம் இல்லாததால் சுருதியை நானே கொடுத்தேன். அது எங்கேயோ உச்சாணிக் கொம்பில் போய் உட்கார்ந்துவிட்டது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்கள். தூரத்தில் ஒரு மாடு பதில் சொன்னது. ஆனாலும் பல்லவி முடிந்தது, சரணங்களும் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிச் சரணம் வந்தது. எஸ்தர் பார்க்கிறாள் என்ற நினைப்பில் கையை அகலமாக விரித்து, கம்பீரமாக ஓர் அடி பின்னால் வைத்தேன்.

குதிகால் வரப்பில் இடித்தது. மல்லாக்க விழுந்தேன். முதுகு வரப்பின் மேல். தலையும் கையும் இந்தப் பக்கச் சேற்றில். கால் இரண்டும் அந்தப் பக்கம் ஆகாசத்தைப் பார்த்து நின்றன.

பாட்டு தடுமாறியது. நின்றால் போச்சு, முழுப் பாட்டு என்பது கண்டிஷன். கையை எடுக்க முடியவில்லை, சேறு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் காலால் தாளம் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, என் கைக்கு ஒருநாளும் அடங்காத குழு அன்றைக்கு என் காலுக்கு அடங்கிப் பாடியது. கடைசி அடியை இரண்டு காலையும் சேர்த்து இறக்கி முடித்து வைத்தேன்.

கண்ணைத் திறந்தால் சாரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"தலை இந்தியாவுல இருக்கே தம்பி," என்றார். "வெளிநாட்டு மண்ணுல நின்னு நடத்தணும்னுதானே சொன்னேன்?"

ஒரு வருஷப் பாடு, ஒரு வரப்பில் போய்விட்டதே என்றிருந்தது எனக்கு. அப்போது குடைக்குள்ளிருந்து எஸ்தர் சொன்னாள்:

"தலை எங்க இருந்தா என்னப்பா? தலையா நடத்துச்சு? நடத்தினது காலு. காலு பிரான்ஸுலதானே இருந்துச்சு?"

சார் என் காலைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பூகோளத்தில் அதற்கு மறுப்புக் கிடைக்கவில்லை. "சரி, செல்லும்," என்றார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பல வருஷம் கழித்து, மாமா (ஞானமுத்து சார்தான், கல்யாணத்துக்குப் பிறகு அப்படித்தான் கூப்பிட்டேன்) எங்கள் வீட்டில் தங்கிவிட்டுத் திண்டிவனத்துக்குக் கிளம்பினார். வழியனுப்ப எஸ்தரும் பிள்ளைகளும் நானும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். பட்டணத்துக்கு மல்லாட்டை மூட்டை அனுப்ப வந்த ஓர் அம்மா என்னையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்க காலை ஆட்டிக்கினு பாட்டு நடத்துன ஐயா இல்ல?"

அன்றைக்குக் கொல்லையில் வழி காட்டிய அதே அம்மாதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "கேளுங்கடா, அப்பா பிரான்ஸுல பாட்டு நடத்தினதைப் பார்த்தவங்க இவங்கதான்," என்றேன்.

"எந்த பிரான்ஸு?" என்றாள் அந்த அம்மா. "பிரான்ஸு எங்கியோ ஏரி தாண்டி இருந்துச்சு. நீங்கள்லாம் பூட்ஸுக் காலோட எங்க மல்லாட்டையை மிதிச்சிக்கினு நின்னீங்க. போங்கன்னா போவீங்களா? அதான் பக்கத்துக் கொல்லையைக் காட்டி வுட்டேன். அது எங்க கொழுந்தனாருது. அவுருக்கும் எங்களுக்கும் அப்போ பேச்சு வார்த்தையே கிடையாது. எங்களுக்கு அது வேற நாடுதான்!"

ரயில் வந்து நின்றது. மாமா தன் பையை ஒரு கையில் எடுத்தார். இன்னொரு கையால் எஸ்தரின் கையைப் பிடித்தார்.

"வாம்மா, போகலாம். கண்டிஷன் நிறைவேறலை."

எஸ்தர் சிரித்த சிரிப்பில் கார்டு கொடி காட்ட மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாமா ஒவ்வொரு முறை ஊருக்குக் கிளம்பும்போதும் வாசலில் நின்று, "எஸ்தரு, கிளம்பு. இவரு இன்னும் வெளிநாட்டுல பாடலை," என்பார். இவளும் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடப்பாள். பிள்ளைகள் ஓடிப் போய் இழுத்து வருவார்கள். உடம்பு முடியாமல் கடைசியாக வந்துபோனபோதும், வண்டியில் ஏற்றி உட்காரவைத்த பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் காலமான பிறகு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் பெரியவன் எங்களை அங்கே கூப்பிட்டான். அங்குள்ள தமிழ்க் கோயிலில் அப்பா ஒரு பாட்டு நடத்தணும் என்று வேறு ஏற்பாடு செய்திருந்தான். எனக்கு ஒரே குஷி. பெட்டி அடுக்கும்போது எஸ்தர் மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க, அங்க பாடாதீங்க."

"ஏன்?"

"பாடிட்டீங்கன்னா கண்டிஷன் முடிஞ்சிடும். அப்புறம் அப்பா என்னைக் கூப்பிட வரமாட்டாரு."

அவள் தோளில் கையை வைத்தேன்.

சிங்கப்பூரில் தொண்டை கட்டிவிட்டது என்று மகனிடம் சொல்லிவிட்டேன். கோயிலில் எல்லாரும் எழுந்து பாடியபோது நான் மட்டும் புத்தகத்தைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாட்டு நல்ல பாட்டு, தாளம் அள்ளிக்கொண்டு போயிற்று. கால்கூட ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.