ஓடாத புரோகிராமும் நானும்

புரியாத பேச்சுக்குப் புரிந்ததுபோலத் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் இயங்கிய சின்ன கம்பெனியில் எனக்கு முதல் வேலை கிடைத்ததே அப்படித்தான்.

முதலாளி குமரன் சார் படகில் வைக்கிற ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். கரை எந்தப் பக்கம் என்று திரையில் காட்டும் பெட்டி.

"மத்தியானம் பிள்ளைச்சாவடிலேர்ந்து படகுக்காரர் பார்க்க வர்றாரு. அவர் எடுத்தாதான் மத்தவங்களும் எடுப்பாங்க. அதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர்ல கிராஸ் கம்பைலர் போட்டு, பொட்டில 'வணக்கம்'னு மட்டுமாவது வர வெச்சுடும்மா. நான் பேட்டரி வாங்கிட்டு வந்துடறேன்."

தலையாட்டினேன். (கிராஸ் என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுப் பக்கத்து மூணாவது கிராஸ் தெரு மட்டும்தான்.)

இணையத்தில் யாரோ எழுதிவைத்திருந்ததைப் பார்த்து வரிக்கு வரி தட்டினேன். திரையில் எழுத்துகள் கொட்டின. எது நல்ல சேதி, எது கெட்ட சேதி என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துவைத்தேன். ஒருவழியாக 'வணக்கம்' புரோகிராம் தயார். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். இந்தக் கோப்பை இயக்க முடியாது என்றது.

மறுபடி முதலிலிருந்து செய்தேன். மறுபடி அதே பதில். கம்ப்யூட்டருக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டினேன். பெட்டிக்கான லைப்ரரி கோப்புகள், அதாவது எந்தப் புரோகிராமும் ஓடத் துணைக்கு வேண்டிய கோப்புகள், தனி ஃபோல்டரில் சும்மா கிடந்தன. அவற்றைத் தூக்கிக் கம்ப்யூட்டரின் சொந்த லைப்ரரி மேலேயே போட்டேன். (பழசை அழிக்கட்டுமா என்று அது கேட்கத்தான் கேட்டது. அழி ராசா, அழி!)

அதன்பிறகு எதைக் கேட்டாலும் முடியாது என்றது. கோப்புகளைக் காட்டு. முடியாது. தேதி சொல். முடியாது. அணைந்தாவது தொலை. அதுவும் முடியாதாம். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். வெறும் கறுப்புத் திரை.

அந்த நேரம் பார்த்து குமரன் சாரும் படகுக்காரரும் சேர்ந்தாற்போலப் படியேறி வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, கிராஸ் கம்பைலர்னா இங்க செஞ்சு அங்க ஓட்டறதுக்குத்தானே? அது பொட்டில இருக்கிற சிப்புக்காகச் செஞ்ச புரோகிராம். கம்ப்யூட்டர்ல எப்படி ஓடும்? பொட்டில இல்ல ஓட்டிப் பார்த்திருக்கணும்!"

"அப்ப... கம்பைலர் நல்லாதான் வந்திருந்துச்சா சார்?"

"நீ சொல்றதைப் பார்த்தா காலையிலேயே வந்துடுச்சும்மா."

படகுக்காரர் என்னையும் கறுப்புத் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வெளங்கல சார். பொட்டியும் நல்லாருக்கு, அதுல போடறதும் நல்லாருந்துச்சு. அப்புறம் எதைத்தான் ரிப்பேர் பண்ணுச்சு இந்தப் பொண்ணு?"

நான் பிளக்கை இன்னொரு தடவை பிடுங்கிச் செருகினேன்.

அவர் வெறும் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார். நல்ல மனுஷர், சொன்னபடி வந்தார். வணக்கமும் வந்தது, சார் கைவண்ணத்தில். எனக்கு வேலை போகவில்லை; கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு மட்டும் மாறிவிட்டது. அதை என்னிடம் சொல்ல சாருக்கு ரொம்ப நாள் மனசு வரவில்லை.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை ஆசையாகக் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் டிவி அணைந்தாலும் கரண்ட் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அவர் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்:

"நல்லாதானே இருந்துச்சு? நீ ஏதாச்சும் சரி பண்ணினியா?"