கைராசிக்காரரின் கறுப்பு வில்லை

காந்தம் மிதக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பொடியை அழுத்திச் சுட்ட கறுப்பு வில்லையின் மேல் திரவ நைட்ரஜனை இன்னும் கொஞ்சம் ஊற்றினார் கைராசிக்காரர். வெள்ளைப் புகை மேசையெல்லாம் வழிந்து, கீழே இறங்கி, அவருடைய செருப்பை மறைத்தது. புகை விலகியபோது பொத்தான் அளவுக் காந்தம் வில்லையின் மேல் சப்பென்று உட்கார்ந்திருந்தது. இடுக்கியால் தூக்கி மறுபடி விட்டுப் பார்த்தார். டொக்கென்று விழுந்தது.

"இன்னும் குளிரணுமோ?" என்றார் பேராசிரியர்.

"இதுக்கு மேல குளிர வச்சா மேசைதான் சார் உடையும்."

எதிரில் இரண்டு பரிசோதகர்கள் நின்றிருந்தார்கள். நெட்டையாக இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடி போட்ட அம்மா குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி, அதன் கீழே அழுத்தி ஒரு கோடும் போட்டார். கைராசிக்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

அந்தப் பட்டப்பெயர் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. மீக்கடத்தி என்பது போதுமான அளவு குளிர வைத்தால் மின்சாரத்தைத் துளிகூடத் தடுக்காத பொருள். காந்தத்தைத் தன் மேல் அந்தரத்தில் நிறுத்திக் காட்டும். பேராசிரியர் அதில் ஒரு புதுக் கலவையைக் கண்டுபிடித்து, செய்முறையைக் கட்டுரையாக வெளியிட்டிருந்தார். பல நாட்டு ஆய்வகங்களில் அதைச் செய்து பார்த்தார்கள். எங்கும் மிதக்கவில்லை. பேராசிரியரே மாடியறை உலையில் செய்தார், மிதக்கவில்லை. ஆராய்ச்சி மாணவியும் அங்கே செய்தாள், பிளந்துகொண்டது. கீழ்த்தள ஆய்வகத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்த நம்மவர் செய்த வில்லைகள் மட்டும் மூன்று வருஷமாக ஒன்று விடாமல் மிதந்தன.

"உங்க கையில என்னமோ இருக்கு அண்ணே" என்று மாணவி அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். கைகளைக் கோட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

இப்போது பிற ஆய்வகங்கள் சந்தேகம் கிளப்பிவிட்டன. ஆய்விதழ் இரண்டு பரிசோதகர்களை அனுப்பியிருந்தது. அவர்கள் கண்ணெதிரில் ஐந்து வில்லைகள் செய்ய வேண்டும், தினம் காலையில் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஒன்றாவது மிதந்தால் அடுத்த கட்டுரையில் பேராசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் அச்சாகும். மிதக்காவிட்டால் பழைய கட்டுரையும் போகும், எல்லாரும் சேர்ந்து ஊரை ஏமாற்றினார்கள் என்ற பேர்தான் மிஞ்சும். இருபத்தாறு வருஷ வேலையில் அவர் பெயர் அச்சில் வந்தது டெலிபோன் புத்தகத்தில் மட்டும்தான். அதையும் அக்கா பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள்.

அக்காவுக்கு அவர் இன்னமும் உடைச்சான்தான். சின்ன வயதில் வைத்த பெயர், ஐம்பது வயது தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி, தண்ணீர்க் குவளை, தையல் மெஷின் கைப்பிடி என்று அவர் கை பட்டு உடையாத சாமான் வீட்டில் குறைவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவின் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் ஆய்வகத்தின் சாத்திய கேட்டில் மோதினார். அன்றோடு சாவி பறிபோனது. அது முதல் காலையில் அக்காவே கொண்டுவந்து விட்டு, மாலையில் தையல்கடையை மூடிவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போகிறாள்.

மாலை ஐந்தரைக்கு அவர் உலையை அணைத்து, உள்ளே வில்லை ஆறும் குழாயின் மூடியை இறுக்கிவிட்டு, பொடி அரைக்கும் கல்வத்தைக் கழுவப் பின்னறைக்குப் போவார். கட்டடத்திலேயே கதகதப்பான இடம் உலைக்குப் பக்கத்து முக்காலிதான். அக்கா அதில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு சின்ன கிண்ணத்தைக் கழுவ இவ்வளவு நேரமா?" என்று குரல் கொடுப்பாள். பரிசோதகர்கள் வந்ததும் வெளியாட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. அக்காவைக் காவலாளி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"நான் வெளியாளா? உள்ள இருக்கிறது என் தம்பிய்யா!"

"அதனாலதாம்மா விடக் கூடாதாம்."

முதல் வில்லை காலை வாரிய மறுநிமிஷமே மாணவி துப்பறிய ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, உங்க கோட்டு எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு?"

"பெரியவங்க வர்றாங்கன்னு அக்கா துவைச்சுப் போட்டா."

"போச்சு! மூணு வருஷத்துப் பொடி அதுலதானே ஒட்டியிருந்துச்சு? அதுல ஏதோ ஒண்ணு வில்லையில விழுந்திருக்கணும்."

பேராசிரியர் மூக்கைச் சொறிந்தார். ஆனாலும் மூழ்குகிறவருக்கு மாணவியின் யோசனை மரக்கட்டையாகத் தெரிந்தது. அலமாரியில் இருந்த பழைய பொடியையெல்லாம் கோட்டில் தேய்த்தார்கள். கைராசிக்காரர் கறுத்த கோட்டோடு நாள் முழுக்க அரைத்தார், அழுத்தினார், சுட்டார். பொடி மூக்கில் ஏறி, கல்வத்தின் மேலேயே நாலு தும்மல் போட்டார். கண்ணாடி அம்மா தும்மலையும் எண்ணி எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் குழாயைத் திறக்க அவர் முக்கி முனக வேண்டியிருந்தது.

"வழக்கமா ராத்திரி ஆறினதும் மூடி தானா தளர்ந்துடும். இந்த வாரம் என்னடான்னா இப்படிப் பிடிச்சுக்கிட்டிருக்கு" என்றார்.

"பரிசோதகர்களைப் பார்த்து மூடிக்கும் மரியாதை வந்துடுச்சு" என்றார் பேராசிரியர். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

காந்தம் டொக்கென்று விழுந்தது.

மூன்றாவது வில்லைக்கு மாணவி ஒரு பட்டியலே போட்டுவிட்டாள். அண்ணன் அரைக்கும்போது ஒரு மெட்டை முனகுவார். நூறு சுற்றுக்கு ஒருதரம் இடது காதைச் சொறிவார். பொடியிடம், "படுத்தாதே கண்ணு" என்பார். பரிசோதகர்கள் எதிரில் வெட்கப்பட்டு இதையெல்லாம் விட்டுவிட்டார் என்பது அவள் கண்டுபிடிப்பு.

"முனகுங்க அண்ணே, தாளம் தப்பினா கை தப்பும்."

"யாரோ பார்க்கிறப்ப வரலையேம்மா!"

அவர் கூச்சம் தெளியட்டும் என்று பேராசிரியரும் சேர்ந்து முனகினார். மாணவி சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில், சோதனை நிலைமை எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லி நெட்டையரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு முனகினார். மூன்று பேர் மூன்று சுருதியில் முனக, நடுவில் கைராசிக்காரர் காதைச் சொறிந்தபடி, "படுத்தாதே கண்ணு" என்று கெஞ்சினார். காலையில் வில்லை இரண்டாகப் பிளந்திருந்தது.

அன்று மாலை வீட்டில் அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எதையோ வெறித்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

"டேய் உடைச்சான்! பாத்திரத்தை இப்படியா இறுக்கி மூடுவே? பக்கத்துல நின்னுக்கிட்டு எந்த உலகத்துல இருக்கே?" என்று ஓடி வந்தாள் அக்கா.

"அக்கா, என் கைராசி போயிடுச்சு."

திட்ட வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள்.

"உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாததா? இந்த வீட்டுல நீ உடைக்காதது நான் ஒருத்திதான். ஆனா கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் என்ன சொல்றேன் தெரியுமா? என் தம்பி காந்தத்தை அந்தரத்துல நிறுத்துறவன்னு சொல்றேன். எவளாவது நம்பலைன்னா ஜாக்கெட்டை ஒரு வாரம் தள்ளித்தான் தருவேன்."

அவருக்குக் கண் கலங்கியது. அக்கா தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. இனி தோற்றால் அக்காவின் வாக்கும் சேர்ந்தல்லவா பொய்யாகும்!

நான்காவது வில்லையில் பேராசிரியரே களத்தில் இறங்கினார். ஆறும்போது காற்றுப் பட்டால் கலவை கெட்டுவிடும் என்று அவர் கட்டுரையில் பதினோரு பக்கத்துக்கு நிரூபித்திருந்தார். 'மூடியை இறுக்கி மூடவும்' என்று சுவரில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியவரும் அவர்தான்.

"எங்கேயோ காற்று கசியுது. வேற காரணமே இருக்க முடியாது" என்றார்.

புது மூடி வந்தது. ரப்பர் வளையம் வந்தது. அதற்கு மேல் டேப்பை ஏழு சுற்றுச் சுற்றினார்கள். காலையில் அதைக் கழற்ற மூன்று பேர் இழுக்க வேண்டியிருந்தது. அந்த வில்லை மீக்கடத்தியாக மட்டுமில்லை, சாதாரணக் கடத்தியாகக்கூட இருக்க மறுத்தது.

நெட்டையர் பெட்டியை அடுக்க ஆரம்பித்தார்.

கடைசி வில்லைக்குப் பழைய மூடியையே போட்டு இறுக்கினார் கைராசிக்காரர். கோட்டு, முனகல், காது எல்லாவற்றையும் விட்டாயிற்று. ஐந்தரைக்கு உலையை அணைத்துவிட்டுப் பேராசிரியரின் அறைக்குப் போனார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சார், தப்பு என்னோடதுன்னு எழுதிடுங்க. நான்தான் ஏதோ மாத்திக் கலந்துட்டேன்னு சொல்லிடுங்க. உங்க பேராவது தப்பிக்கட்டும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மாத்திக் கலந்தீங்களா?"

"இல்ல சார். ஒரு குன்றிமணி கூட மாத்தலை."

"அப்புறம் எதுக்கு எழுதணும்? மூணு வருஷம் மிதந்ததை என் கண்ணால பார்த்தவன் நான். உங்க பேரு இல்லாத கட்டுரையில என் பேரும் வேண்டாம். போய் வீட்டுல தூங்குங்க."

கைராசிக்காரர் ஒரு கும்பிடு போட்டார். அச்சில் வராவிட்டால் போகிறது, இந்த வார்த்தை போதும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார். உலைக்குப் பக்கத்து முக்காலியில் அக்கா தலையைத் துவட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எப்படி உள்ள வந்தே?"

"மழையில நிக்க வச்சா உன் சட்டைக்கு இனிமே பொத்தானே தைக்க மாட்டேன்னு காவலாளிகிட்ட சொன்னேன். விட்டுட்டார். கிளம்பு, போலாம்."

மறுநாள் காலையில் மூடி, தொட்டதுமே கையோடு வந்துவிட்டது.

"மூடிக்கும் மரியாதை போயிடுச்சு" என்று பெருமூச்சு விட்டார் கைராசிக்காரர்.

வில்லையைத் தட்டில் வைத்தார். நைட்ரஜனை ஊற்றினார். புகை வழிந்தது. இடுக்கியில் காந்தத்தைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விட்டார். டொக் சத்தத்துக்குக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை.

"அண்ணே!" என்று கத்தினாள் மாணவி.

கண்ணைத் திறந்தார். வில்லைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் காந்தம் அந்தரத்தில் நின்றது. மாணவி நுனிவிரலால் தட்டினாள். அது பம்பரமாகச் சுற்றியது, விழவில்லை. நெட்டையர் குனிந்து, காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவில் ஒரு தாளை விட்டு எடுத்தார். மறுபடியும் விட்டு எடுத்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, முறைப்படி கை கொடுத்தார்.

பேராசிரியர் எல்லாரையும் கட்டிப்பிடித்தார். அந்த வேகத்தில் அலமாரியையும் கட்டிப்பிடித்தார். கைராசிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டுக்கு ஓடி, காவலாளியோடு பேசிவிட்டு அப்போதுதான் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்த அக்காவைக் கையோடு இழுத்து வந்தார். இந்தத் தடவை காவலாளி சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார்.

அக்கா மிதக்கும் காந்தத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். தம்பியின் சட்டைக் காலரை நீவிச் சரிசெய்தாள். அவர் பெயர் அச்சில் வரப்போவதைப் பேராசிரியர் சொன்னதும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடி அம்மா குறிப்பேட்டை விரித்தார்.

"ஒரே ஒரு கேள்வி. நாலு நாள் மிதக்காதது இன்னைக்கு எப்படி மிதக்குது? நேத்து என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலைம்மா. சுவரில எழுதியிருக்கிறபடி மூடியை இறுக்கினேன், போனேன்." தன் இரண்டு கைகளையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "இதெல்லாம் கைராசிம்மா. எழுதிக் காட்ட முடியாது."

"தங்கமான கைதான், யாரு இல்லேன்னா?" என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி பெருமையாக. "ஆனா அடுப்புல இருக்கிறதை இறுக்கி மூடிட்டுப் போறதே இவனுக்கு வழக்கம், இந்த மூணு வருஷமும் நான் சாயங்காலம் வந்து, பொங்கிடக் கூடாதேன்னு மூடியைக் கொஞ்சம் திறந்து வச்சிட்டுப் போகலைன்னா, இதுல ஒண்ணாவது உருப்பட்டிருக்குமா?"