நெல் அடுப்பில் வைத்த துப்பாக்கிக் குழல்

மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடிகாரத்தைத் திறந்திருக்கிறேன், ரேடியோவைத் திறந்திருக்கிறேன், எதிர்வீட்டு அத்தைக்கு வந்த தபாலைக்கூடத் திறந்திருக்கிறேன். (அதற்கு வாங்கிய அடி தனிக் கதை.) ஆனால் குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா ஞானப்பிரகாசம் இருபத்திரண்டு வருஷமாக ஒரு மிராசுதாரின் வயலைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அப்போதுதான் ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அப்பாவை அந்த வயலிலிருந்து லேசில் எழுப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு வேறு ஆள் இறங்கிவிடுவான். கிழக்கே கீழ்வேளூர்ப் பக்கமிருந்து வருகிற செய்தியெல்லாம் அடிதடி, போலீஸ், கோர்ட் என்றே இருந்த காலம் அது.

அந்த நேரம் பார்த்து, கூரை மாற்றும்போது மேலேயிருந்து ஒரு துப்பாக்கிக் குழல் விழுந்தது. வாய்வழியாக மருந்தைக் கெட்டித்துச் சுடுகிற பழைய நாட்டுத் துப்பாக்கி. கட்டையைக் கறையான் தின்றுவிட்டு, துருப்பிடித்த இரும்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்த பண்ணைக் காவல்காரருடையதாக இருக்கும் என்றார் அப்பா.

"இப்பவே கொண்டுபோய் ஆத்துல போட்டுட்டு வா. நம்ம வீட்ல துப்பாக்கின்னு மிராசுதாரோட காரியஸ்தர் காதுல விழுந்துச்சு, நான் ஜெயில்ல, வயல் அவங்க கையில."

"சரிப்பா" என்றேன். நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போய் வைக்கோலுக்குள் செருகினேன்.

என்ன செய்ய? துருவுக்கு அடியில் ஏதோ எழுத்து தெரிந்ததே! பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிற எனக்கு, அது தஞ்சாவூர் மராத்தி ராஜா அரண்மனைத் துப்பாக்கி என்று தோன்றிவிட்டது. துருவை எடுத்துவிட்டால் மியூசியத்தில் வைப்பார்கள், அடியில் என் பெயரும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ரேஷன் மண்ணெண்ணெயைத் திருடித் தடவினேன். புளி, செங்கல்பொடி, தேங்காய் நார் என்று அம்மா குத்துவிளக்குக்குச் செய்கிற அத்தனையும் செய்தேன். பத்து நாளில் ஒரு '7' தெளிந்தது. பக்கத்தில் தேளோ நண்டோ ஏதோ ஒரு குறி. தூக்கமே போய்விட்டது.

அடுத்து உள்பக்கம். ஒரு குச்சியை விட்டு அளந்தேன். வெளியே இருக்கிற நீளத்தைவிட உள்ளே ஒரு சாண் குறைந்தது. அடைப்பு! வாய்ப்பக்கம் கிடந்த குளவிக்கூட்டை ஏற்கனவே தோண்டி எடுத்திருந்தேன். எனவே மிச்சமும் மண்தான் என்று முடிவு கட்டினேன். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு அடைப்பு என்றால் மண்தானே? தூர் வாருவதைத் தவிர வேறென்ன தோன்றும்? வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், "துப்பாக்கிக்குள் மண்ணைத் தவிர வேறு என்ன இருக்கக்கூடும்?" என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். நான் யோசித்தது, கோடையில் வயல் காய்ந்து பாளம் பாளமாக விரிகிறதே, அதுபோல நன்றாகக் காயவைத்தால் தானாக உதிர்ந்துவிடும் என்று.

அன்றைக்குக் கொல்லையில் அம்மா பெரிய அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அம்மா தண்ணீர் எடுக்கப் போன சமயம், உமி நெருப்புக்குள் குழலைப் பதமாகச் சொருகி, மேலே உமியைத் தூவினேன்.

சரியாக அப்போது, குத்தகைப் பதிவு விசாரணைக்கு வந்திருந்த தாசில்தார் வயலைப் பார்த்துவிட்டுக் கொல்லை வழியாக வந்தார். கூட அப்பா, மிராசுதாரின் காரியஸ்தர் வேதாசலம், பின்னால் குடத்தோடு அம்மா. நான் இன்னும் ஒரு கை உமியை அள்ளிப் போட்டேன். நெருப்புக்குள் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது என்று மூளை மெச்சிக்கொண்டது.

"ஞானப்பிரகாசம் பண்ணையில கூலி வேலை பாக்குறவருங்க. குத்தகையெல்லாம் கிடையாது" என்றார் காரியஸ்தர்.

"ஐயா, மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. வருஷா வருஷம் நீங்கதானே வந்து நெல்லு அளந்துட்டுப் போறீங்க?" என்றார் அப்பா.

"ரசீது இருக்கா? இருந்தா காட்டச் சொல்லுங்க சார்."

தாசில்தார் பேனாவை மூடினார். "ஆதாரம் இல்லாம நான் என்ன பண்ண முடியும், பெரியவரே?"

டமார்!

அண்டா ஒரு முழம் எம்பிக் குதித்தது. வெந்த நெல் ஊரெங்கும் அட்சதையாக விழுந்தது. தாசில்தார் கொல்லையில் நின்ற மாட்டு வண்டிக்கு அடியில். அம்மா "மாதாவே!" என்று குடத்தைப் போட்டு உடைத்தாள். என் காதில் 'ஙொய்' என்று ஒரே இரைச்சல். வேட்டியின் நிலைமையை இங்கே எழுதுவதற்கில்லை.

காரியஸ்தர் எருக்குழிக்குள் குப்புறக் கிடந்தார். இரண்டு கையும் தலைக்கு மேலே.

"சுட்டுடாத ஞானம்! புள்ளகுட்டிக்காரன்யா நான்! நீதான்யா இருபத்திரண்டு வருஷமா குத்தகை! நெல்ல அளந்ததும் நான்தான்! மிராசுதார் ஐயா சொல்லச் சொன்னதைத்தான்யா சொன்னேன்!"

வண்டிக்கு அடியிலேயே படுத்தபடி தாசில்தார் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். காரியஸ்தரை எருக்குழியிலிருந்து தூக்கி, சாணி அப்பிய கையாலேயே கையெழுத்தும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அடுப்பில் கிழிந்து கிடந்த குழலைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"அடுப்பு ஊதுற குழல் சார்" என்றாள் அம்மா, கண் இமைக்காமல்.

தாசில்தார் அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இனிமே விசிறியால வீசுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் அப்பா என் கையைப் பிடித்து, பத்து விரலும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். எல்லாம் இருப்பது உறுதியான பிறகு விட்டார் ஒரு அறை. குழலை அவரே குடமுருட்டியில் வீசிவிட்டு வந்தார். எழுத்து இருந்த இடம்தான் சுத்தமாகப் பிய்ந்துபோயிருந்தது. அது தேளா நண்டா என்று இன்றுவரை தெரியாமல் நான் படுகிற வேதனை எனக்குத்தான் தெரியும்.

பதிவேட்டில் அப்பா பெயர் ஏறியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் உண்மையை மழுப்பினாலும், "அடுப்புல குழலைப் போடவா?" என்று கேட்டால் போதும். போன வாரம் சர்க்கரை டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "இனிப்பைத் தொடுறதே இல்லீங்க" என்று பணிவாகச் சொன்னேன். பக்கத்திலிருந்து என் மனைவி அந்த மூன்று வார்த்தையைச் சொன்னாள்.

"ரெண்டு லட்டு டாக்டர்" என்றேன், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி.