பின்சீட்டுக் குறட்டை

முதலில் இன்ஜின் சத்தம் என்றுதான் பல் டாக்டர் நினைத்தாள். வாடகைக் கார், பல பேர் கை பட்ட வண்டி, கொஞ்சம் உறுமத்தான் செய்யும். ஆனால் எந்த இன்ஜினும் நடுவில் சப்புக் கொட்டாது.

கண்ணாடியில் பார்த்தாள். பின்சீட்டில் கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, மீசைக்காரர் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள், படிய வாரிவிட்ட தலைமுடி மாதிரி வரிசை வரிசையாக. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனித வாடையே இல்லை.

இந்தச் சரிவுகளைப் பார்க்கத்தான் அவள் நாடு விட்டு நாடு வந்திருந்தாள். அவளுடைய கிளினிக்கில் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில், இதே மாதிரி ஒரு படம் ஒட்டியிருந்தது. படுத்திருக்கும் நோயாளிகள் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். அவள் மட்டும் அவர்களுடைய வாயைப் பார்ப்பாள். ஒரு தடவையாவது தனியாகப் போய் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால், இங்கேயும் கண்ணாடி நிறைய ஒரு திறந்த வாய். மேல் வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை வேறு.

தங்கைக்குப் போன் போட்டாள்.

"அடியே, கத்தாம கேளு. கார்ல ஒரு ஆள் இருக்கான்."

"எந்த ஆள்? தனியாத்தான் போவேன்னு மாமாகிட்ட மல்லுக்கு நின்னியே!"

"பின்சீட்ல தூங்கறான்டி. பெட்ரோல் பங்க்ல நான் பாத்ரூம் போயிருந்தப்போ ஏறிட்டான் போலிருக்கு. சாவியக்கூட வண்டியிலேயே விட்டுட்டுப் போயிருக்கேன்."

"ஐயோ, எழுப்பிடாதே! நேரா போலீஸ்கிட்ட விடு. மாமாகிட்ட சொல்லட்டுமா?"

"வாயைத் திறந்தே, உன் பல்லு மொத்தத்தையும் பிடுங்கிடுவேன்."

அந்த மாமா, அதாவது அவளுடைய கணவர், வழியனுப்பும்போது சொன்னது இன்னும் காதில் எரிந்தது. "வீட்டு கேட்டுக்குள்ள வண்டியை விடவே உனக்கு வாட்ச்மேன் விசில் ஊதணும். நீ அங்க போய் மலை ஏத்தப் போறியா?"

அடுத்து வந்த சின்ன ஊரின் முச்சந்தியில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது. வண்டியை நிறுத்தி, பின்சீட்டைக் காட்டி, கையைக் கூப்பி, தான் போக வேண்டிய விடுதியின் பெயரைப் போனில் காட்டி, தெரிந்த பாஷை எல்லாவற்றிலும் புலம்பினாள். அவருக்கு ஒன்றுகூடப் புரியவில்லை.

குனிந்து உள்ளே பார்த்தார். சட்டென்று உதட்டில் விரலை வைத்தார். "உஷ்!"

பிறகு முன்கதவைப் பூப்போலத் திறந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நேரே போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அக்கா, அவன் பெரிய கேடிக்கா!" போனில் தங்கையின் குரல் நடுங்கியது. "முழிச்சா ஆபத்து. அதான் அலுங்காம ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொல்றார். பள்ளம் மேடு பார்த்து ஓட்டு."

அவள் ஓட்டினாள். தூங்கும் கைக்குழந்தையைக் கொண்டுபோவதுபோல ஓட்டினாள். போலீஸ்காரர் காட்டிய திருப்பத்தில் திரும்பியதும், வழிகாட்டும் போன் பெண்மணி "திரும்பிப் போங்கள்" என்று கூவ ஆரம்பித்தாள். அவள் வாயை அடைக்கப் போன அவசரத்தில் முழங்கை பட்டு ஹாரன் அலறியது. மீசைக்காரர் உறுமிப் புரண்டார். போலீஸ்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, குறட்டை மறுபடி தொடர்ந்தது.

அடுத்த வளைவில், கூடை நிறையத் திராட்சையோடு ஒரு பெண் கை நீட்டினாள். போலீஸ்காரர் நிறுத்தச் சொன்னார். அவள் பின்கதவைத் திறந்து, கேடியின் காலை ஒதுக்கிவிட்டு ஏறினாள்.

"வேண்டாம்மா! யாரு பக்கத்துல உக்கார்றேன்னு தெரியுமா?" என்று தமிழிலேயே கதறினாள் பல் டாக்டர். கூடைக்காரி சிரித்து, ஒரு கொத்துத் திராட்சையை அவள் மடியில் வைத்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் பெரிய பூந்தொட்டியோடு ஒரு கிழவர். அவரும் ஏறினார்.

"இத்தனை பேரா? அப்போ எல்லாரும் மஃப்டி போலீஸ்தான்க்கா! சுத்தி வளைக்கறாங்க!" என்றாள் தங்கை.

கிழவர் மடியிலிருந்த செடி கண்ணாடியை மொத்தமாக மறைத்துவிட்டது. கேடி இனி கண்ணுக்குத் தெரியவில்லை. குறட்டை மட்டும்தான் ஆறுதல். அது கேட்கும்வரை உயிருக்கு உத்தரவாதம்.

குறட்டை நின்றது.

ஸ்டீயரிங்கில் அவள் உள்ளங்கை வழுக்கியது. இலைகள் சலசலத்தன. ரோமம் அடர்ந்த ஒரு கை அவள் காதை உரசிக்கொண்டு முன்னால் நீண்டது.

"அம்மா!" அலறி பிரேக்கை மிதித்தாள். கை காட்டிய இடத்தில், ஒரு வாசலை மோதாத குறையாகக் கார் நின்றது. மேலே பலகையில் அவள் தங்க வேண்டிய விடுதியின் பெயர்.

கதவைத் திறந்து பாய்ந்து, வெளியே வந்த விடுதிக்காரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. "அந்த மீசைக்காரன் திருடன்! என் வண்டியில ஒளிஞ்சுட்டு வந்திருக்கான்! பிடிக்கச் சொல்லுங்க!"

மீசைக்காரர் இறங்கிச் சோம்பல் முறித்தார். கூடையும் தொட்டியும் சாவகாசமாக இறங்கின. போலீஸ்காரரோ கேடியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

பல் டாக்டர் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தாள். ஒரு ஸ்டெப்னியைத் தவிர உள்ளே எதுவும் இல்லை.

"என் பெட்டியையும் அடிச்சுட்டான்!"

மீசைக்காரர் தொப்பியைக் கழற்றினார். நேராக அவளிடம் வந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க என்னவோ நீளமாகச் சொன்னார். விடுதிக்காரி காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியாகப் பல் டாக்டரைப் பார்த்தாள்.

"'பெட்ரோல் பங்க்ல நின்ன என்னோட ஷேர் டாக்ஸியில நானே தூங்கிட்டு வந்தது இதான் முதல் தடவை, நாளைக்குக் காலைலயும் இவங்களே ஓட்ட வருவாங்களா'ன்னு கேக்கறார்."