‘சரி’ சொல்லாத அக்கா

மனிதகுலம் முதலில் இடிக்குப் பயந்தது, பிறகு நெருப்புக்குப் பயந்தது. நாகரிகத்தின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு இப்போது ஒரு பொத்தானுக்குப் பயப்படுகிறது. இந்த மூன்றாவது பயத்தை ஆராயும் பெரும்பேறு அந்த அலுவலகத்துக்கு வாய்த்தது.

தபால் பிரிவின் தட்டச்சரை அலுவலகமே ‘அக்கா’ என்று அழைக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அக்கா கணினி அறைக்குள் நுழைவார். தட்டச்சு இயந்திரத்தை ஓட ஓட விரட்டிய விரல்கள் கணினிச் சுட்டியைக் கைக்குட்டை போட்டுத்தான் தொடும். வெள்ளிக்கிழமைக்குள் கணினி பழகாவிட்டால் அடித்தளத்துக் கோப்பறைக்கு மாற்றல் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அங்கே ஜன்னல் இல்லை, பேச ஆளும் இல்லை. பேசாமல் இருந்தால் அக்காவுக்குத் தலைவலி வந்துவிடும்.

முதல் நாளே திரையில் ஓர் அறிவிப்பு குதித்தது: ‘சட்டவிரோதச் செயல் நடந்துள்ளது. மூடப்படும்.’ கீழே ஒரே ஒரு பொத்தான்: ‘சரி’.

“ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலை சார்! எதை மூடுவாங்க? ஆபீஸையா?”

“அது சும்மா வர்றதும்மா. சரின்னு அழுத்திட்டு வேலையப் பாருங்க,” என்றார் மேலாளர்.

“செய்யாத தப்புக்கு எப்படி சார் சரிங்கறது? நாளைக்கு யாராவது கேட்டா, ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?”

நிலைமை கைமீறியது. அவசரக் கூட்டம் கூடியது. இரண்டு சுற்றுத் தேநீருக்குப் பிறகு, ‘கணினி அச்ச உளவியல் நிபுணர்’ ஒருவரை வரவழைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

வந்தவர் அக்காவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சின்ன வயசுல பொத்தானை அழுத்தினதுக்கு யாராவது அடிச்சாங்களாம்மா?”

“எங்க வீட்டுல பொத்தான் சட்டையில மட்டும்தான் சார் இருந்துச்சு.”

‘ஆழ்மனத் தடை’ என்று நிபுணர் குறித்துக்கொண்டார்.

அடுத்தது ‘ஒப்பீட்டுச் சோதனை’. அதே அறிவிப்பின் முன்னால் மற்றவர்களையும் ஒவ்வொருவராக உட்காரவைத்தார். கணக்காளர் படிக்காமலேயே அழுத்தினார். கொள்முதல் அதிகாரி, “சரக்கு பாதி வந்தாப் போதும், பில்லை மட்டும் முழுசாப் போடுங்க,” என்று போனில் பேசியபடியே அழுத்தினார். மேலாளரோ அறிவிப்பு முழுதாகத் தோன்றும் முன்பே அழுத்திவிட்டார். இத்தனை பேருக்கு வருகிற வித்தை தனக்கு மட்டும் வரவில்லையே என்று அக்காவுக்கு அழுகை முட்டியது. மனக்கண்ணில் கோப்பறையின் இருட்டு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் நிபுணர் அறிக்கையை வாசித்தார்:

“அச்சத்தின் உளவியல் காரணம், முன் அனுபவமின்மை. சட்டவிரோதச் செயல் நடந்திருக்கிறது என்றதும் ‘சரி’ சொல்லிவிட்டு வேலையைத் தொடரும் பழக்கம், இந்த அலுவலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் இல்லை.”

மேலாளர் மனமுவந்து கைதட்டினார். அக்கா கோப்பறையிலிருந்து தப்பினார். போதிய அனுபவம் கிடைக்கும்வரை அவரைக் கொள்முதல் பிரிவில் பயிற்சிக்கு அமர்த்தும்படி அன்று மாலையே ஆணை பிறந்தது.