பாத்ரூம் கமிட்டி

"நல்லகாமன் பேசுறேன். வயசு இருபத்தேழு. இருக்குறது ஷார்ஜா, குடோன்ல ஏழாம் நம்பர் ரேக்குக்குப் பின்னாடி. சுடலையண்ணே, கதவு ஏன் பாதியில நிக்குது?"

அவன் கம்பெனியில் ஒரு ஜோடி கையுறை கேட்பதானாலும் பெயர், வயது, இருப்பிடம் சொல்லித்தான் கேட்க வேண்டும். மூன்று வருடத்தில் வாய் அப்படியே பழகிவிட்டது. அவன் பேசப் பேச ஃபோன் எழுத்தாக்கி அனுப்பும். பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்தென்றால் நாளைக்கு எடுத்துக் காட்டலாம் என்பது அவன் கட்சி. வாட்ஸப் குழுவுக்கு 'பாத்ரூம் கமிட்டி' என்று பெயர் வைத்ததும் அவன்தான். உறுப்பினர்கள் நான்கு பேர். அவன், அலங்காநல்லூர் வீட்டில் இருக்கும் அம்மா மாயக்காள், காலேஜ் படிக்கும் தங்கை பாண்டீஸ்வரி, கொத்தனார் சுடலை.

சுடலை எழுத மாட்டார். பேசித்தான் அனுப்புவார்.

"தம்பி, கதவு உள்பக்கமாத் தெறக்குது. உள்ள நீங்க சொன்ன வெஸ்டர்ன் டாய்லெட்டு உக்காந்திருக்கு. ரெண்டும் இடிச்சுக்கிருச்சு. ஒருக்களிச்சு நுழைஞ்சா ஒரு ஆளு போகலாம்."

"எங்கம்மா முட்டிவலியோட ஒருக்களிச்சுப் போவாகளா?"

"அது... சரிதான்" என்ற சுடலைக்கு ஏனோ இருமல் வந்தது.

மாயக்காளின் முட்டிதான் எல்லாவற்றுக்கும் மூலம். மூன்று மாதத்துக்கு முன்னால், "குத்தவச்சா எந்திரிக்க முடியலப்பா" என்று ஃபோனில் அழுதாள். தன் ஃபோன் கண்ணாடி எட்டு மாதமாக உடைந்து கிடந்தும் மாற்ற மனம் வராதவன், அம்மாவுக்கு என்றதும் நாற்பத்தைந்தாயிரம் ஒதுக்கினான். பார்சல் அட்டையைக் கிழித்து ஸ்கெட்ச் பேனாவால் படம் போட்டான். நாலடிக்கு அஞ்சடி. குழாய் எங்கே, கைப்பிடி எங்கே, சோப்பு எங்கே, எல்லாம் இருந்தது. கதவை மட்டும் வரையவில்லை.

"கவலப்படாதீக. கதவ வெளிப்பக்கமாத் தெறக்குற மாதிரி மாத்துங்க. ஒரு நாள் வேல" என்றான். தன் திட்டத்தின் மீது அவனுக்கு என்றைக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மறுநாள் கதவு வெளிப்பக்கம் திறந்தது. ஒரு சாண் திறந்து, துவைகல்லில் இடித்து நின்றது.

"கல்ல நகட்டிருங்க."

"தம்பி, அது என்ன ஸ்டூலா? நாலு ஆளு வேணும்."

நாலு ஆள் வந்தார்கள். கல் நகர்ந்தது. கூலி தனி, பிரியாணி தனி. அதற்கடுத்த நாள் பாண்டீஸ்வரி அலறினாள்.

"அண்ணே, துவைக்கிற தண்ணி பூராம் பக்கத்துல வெள்ளைத்துரை மாமா வீட்டுக்குள்ள போகுது. அவரு நம்ம வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டாரு. நீ ஒரு பதில் சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாராம்."

"டீ குடு."

"மூணு குடிச்சுட்டாரு."

"அப்ப வடை குடு. நான் யோசிக்கிறேன்."

யோசித்தான். தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குக் கொண்டுபோகக் குழாய் பதிக்கச் சொன்னான். குழிதோண்டிய கடப்பாரை, பஞ்சாயத்துக் குடிதண்ணீர்க் குழாயில் இறங்கியது. வெள்ளைத்துரை வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தது போய், இப்போது தெருவே குடத்தோடு வந்து உட்கார்ந்தது. வந்ததுதான் வந்தோம் என்று வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த புது வாஷ்பேசின் ஹாலில் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. புதிதாக வருகிற எதற்கும் பொட்டு வைக்காமல் மாயக்காளால் இருக்க முடியாது. ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குழாயெல்லாம் ஒட்டி முடித்தபோது நாற்பத்தைந்தாயிரம், அறுபத்திரண்டாயிரம் ஆகியிருந்தது.

"நல்லகாமன் பேசுறேன், வயசு இருபத்தேழு. அம்மா, கலங்காத. லீவுக்கு டிக்கெட் போட வச்சிருந்த காச இதுல போட்டுட்டேன். அடுத்த மாசம் வரல. ஆறு மாசம் தள்ளி வாரேன்."

அடுத்த நொடி மாயக்காள் குரல் வந்தது. "அய்யய்யோ, லீவுக்கு வராம இருந்துறாதடா! நீ வரலைன்னா அப்புறம் இது எதுக்கு?"

"உன் முட்டிக்குத்தான?"

"ஆமா, முட்டிக்குத்தான்" என்றாள். பிறகு அவளே வழி சொன்னாள். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்கு மேடை கட்டும் வேலை பாக்கி. வெளியிலிருந்து வருகிற சித்தாளுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு. "நம்ம தெருவுலயே ஒரு ஆளு இருக்கு. முந்நூறு குடுத்தாப் போதும்னு சொல்லுது. நல்லா வேல பாக்கும்."

நல்லகாமனுக்குப் பெருமையாக இருந்தது. கமிட்டி என்று ஒன்று வைத்ததால்தானே இப்படி யோசனை வருகிறது!

அன்றிலிருந்து தங்கை அனுப்பும் படங்களில் அந்தச் சித்தாள் இருந்தாள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் மணல் சட்டி. எல்லாப் படத்திலும் முதுகுதான்.

"அந்த ஊதாச் சட்ட என்னோடதுல்ல?"

"பழசுதானப்பா. குடுத்துட்டேன்" என்றாள் மாயக்காள்.

"மொகத்தக் காட்டவே மாட்டேங்குறாக?"

"வெக்கப்படுதுண்ணே" என்றாள் பாண்டீஸ்வரி.

"அம்மா, அந்தக்காவப் பாத்துக் கத்துக்க. உன் வயசுதான் இருக்கும். சட்டியோட ஏணியில எம்புட்டு வேகமா ஏறுறாக! நீயும் காலையில கொஞ்சம் நடந்திருந்தா முட்டி இப்புடி ஆயிருக்குமா? நீ சேர விட்டு எந்திரிக்கவே கூடாது, ஆமா."

"எந்திரிக்கவே இல்லப்பா" என்ற குரலுக்கு மூச்சு வாங்கியது.

சித்தாள் கூலியில் மிச்சம் பிடித்தது, கூட ஓவர்டைம் பார்த்தது எல்லாம் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டான். செய்தி போனதும் மாயக்காள் கேட்டாள்.

"இந்தத் தடவையும் விடிஞ்சும் விடியாம ஆரப்பாளையம் கெளம்பிருவியா?"

போன லீவில் இருபது நாளும் அதுதான் நடந்தது. ஐந்தரைக்கே பைக்கை உதைப்பான். ஆரப்பாளையத்தில் லாட்ஜில் வேலை பார்க்கும் கூட்டாளி பாண்டியராஜனோடு டீ குடிக்கப் போவதாகச் சொல்வான். போகும்போது யார் நிறுத்தினாலும் நிற்க மாட்டான். ஏழு மணிக்கு முகம் தெளிந்து, ஊரில் எல்லாரையும் விசாரித்துக்கொண்டே வருவான்.

"அவனப் பாக்காம இருக்க முடியுமா?" என்றான்.

"பாப்போம், பாப்போம்" என்றாள்.

சித்தாள் வந்த பன்னிரண்டாம் நாள் வேலை முடிந்தது. கதவு முழுசாகத் திறந்தது, ஃப்ளஷை அழுத்தினால் தண்ணீர் வந்தது, வெள்ளைத்துரை தன் சேரை எடுத்துக்கொண்டு போனார். வீடியோவை நல்லகாமன் குடோன் முழுவதும் காட்டினான். பிறகு கமிட்டியை விட்டு, சுடலைக்கு மட்டும் தனியாகப் பேசினான்.

"நல்லகாமன் பேசுறேன். வயசு இருபத்தேழு. ஷார்ஜா. அண்ணே, நம்ம திட்டம் ஜெயிச்சிருச்சு. ஆனா அந்தச் சித்தாளக்கா இல்லேன்னா ஒண்ணும் நடந்திருக்காது. அவுகளுக்கு ரெண்டாயிரம் தனியாப் போடணும். அம்மாவுக்குத் தெரிய வேணாம், சத்தம் போடும். அவுக நம்பர் குடுங்க."

பதில் வந்தது. பின்னால் கோழி கூவ, சுடலை தணிந்த குரலில் பேசியிருந்தார்.

"தம்பி, தனி நம்பர் எதுக்கு, உங்கம்மா நம்பருக்கே போட்டுவிடுங்க, பன்னெண்டு நாளும் மண்ணு சொமந்தது அவுகதான். அந்த முட்டிக்கு ஒரு கேடும் இல்ல. 'எம்புள்ள வெளிநாடு போயிக் குத்தவச்சு உக்கார மறந்துட்டான், லீவுக்கு வந்தா தெனமும் வெஸ்டர்னத் தேடி ஆரப்பாளையம் லாட்ஜுக்கு ஓடுறான், அவனுக்குன்னு சொன்னாக் காசு எறக்க மாட்டான்'னு அவுக சொல்லித்தான் இம்புட்டும். நான் சொன்னேன்னு மட்டும் அவுககிட்டச் சொல்லிறாதீக."