நான்கு கியரிலும் பின்னால் போன வண்டி

திருவொற்றியூர் தேரடியிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் மெக்கானிக் கிக்கர் உதைக்காத வண்டி கிடையாது. அவர் கைவைத்த பிறகு பழையபடி ஓடிய வண்டியும் கிடையாது. சில வண்டிகள் முன்பைவிட நன்றாக ஓடின. சில ஓடவே இல்லை. ஒரே ஒரு வண்டி பின்னால் ஓடியது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கடற்கரைச் சாலை ஓரத்தில் இருந்த அவருடைய ஷெட்டின் பலகையில்கூட அது இல்லை. ‘இங்கு டூ ஸ்ட்ரோக் மட்டும் பார்க்கப்படும்’ என்றுதான் எழுதியிருந்தது. தெருவில் நிற்கும் எந்த வண்டியையும் அவரால் சும்மா தாண்டிப் போக முடியாது. நிற்பார். கிக்கர் கம்பியைக் காலால் விலக்கி ஓங்கி ஓர் உதை உதைப்பார். சாவி இல்லாததால் வண்டி கிளம்பாது. கிளம்ப வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. உள்ளே காற்று அமுங்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, திருப்தி என்றால் தலையாட்டுவார். இல்லையென்றால் வண்டிக்காரர் வரும்வரை காத்திருந்து துக்கம் விசாரிப்பார்.

ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரின் வண்டியை உதைத்துவிட்டு, உள்ளே போய், “சார், பிஸ்டன் ரிங்கு பூட்ச்சு” என்று தகவல் சொன்னார். பிற்பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வெளியே விட்டதும் பக்கத்தில் நின்ற ஏட்டின் வண்டியையும் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

இந்தப் பழக்கத்தால் அவருக்கு வலது செருப்பு சீக்கிரம் தேயும். இடது செருப்பு புதிதாகவே மிஞ்சும். மிஞ்சிய இடது செருப்புகளை, தான் பார்த்த வண்டிகளின் பின்பக்கத்தில் திருஷ்டிக்காகக் கட்டித் தொங்கவிட்டார். தண்டையார்பேட்டை சிக்னலில் ஒற்றை இடது செருப்போடு ஒரு வண்டி நின்றால், அது கிக்கர் கைபட்ட வண்டி என்று அர்த்தம். நான் அப்போது செய்தித்தாள் ஒன்றில் வேலை பார்த்தேன். என் பழைய ஸ்கூட்டரின் பின்னாலும் ஒன்று தொங்கியது. ஆபீஸ் வாசலில் காவலாளி இரண்டு தடவை அதை அவிழ்க்கச் சொன்னார். இரண்டு தடவையும் மறந்துவிட்டேன் என்றேன்.

டூ ஸ்ட்ரோக் என்பது கிக்கருக்கு இன்ஜின் வகை அல்ல; ஒழுக்கம். அந்த இன்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அது நீலப் புகை விடும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்குக் கலக்க வேண்டியதில்லை, புகையும் இல்லை. இந்த நல்ல குணங்கள்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“டூ ஸ்ட்ரோக்கு, ஒரு சுத்துக்கு ஒரு வெடி. அது, ரெண்டு சுத்துக்கு ஒரு வெடி. நடுவுல ஒரு சுத்து இன்னா பண்ணிகினு கீது? சொல்லு பேப்பர் சார்.”

தெரியவில்லை என்றேன்.

“ரெஸ்ட்டு எடுத்துகினு கீது. கவர்மென்ட் ஆபீசு மாரி.”

பட்டனை அழுத்திக் கிளப்பும் வண்டிகளைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான். “அது வண்டியில்ல சார். காலிங் பெல்லு.”

மல்லிகா அக்கா அவருடைய ஷெட்டுக்கு வந்தது ஓர் ஆனி மாதக் கடைசியில். எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில், படகிலிருந்து இறங்கும் மீன் பெட்டிகளை மணலைத் தாண்டி ரோட்டில் நிற்கும் டெம்போவுக்குக் கொண்டு சேர்ப்பது அக்காவின் தொழில். கல்யாணமான நாளிலிருந்து தலையில்தான் சுமந்தார். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஒரு பெட்டி தூக்கினாலும் கைகள் விளங்காமல் போகும் என்று ஆஸ்பத்திரியில் பட்டை மாட்டி அனுப்பினார்கள். பிறகுதான் அந்த வண்டி வந்தது. தெற்கே ஏதோ கடற்கரை ரிசார்ட்டில் விருந்தாளிகள் மணலில் ஓட்டி விளையாடிய நாலுசக்கர பைக் அது. தடித்த டயர்கள், தரையோடு உட்கார்ந்த உடம்பு. காயலான் கடையிலிருந்து அக்கா வாங்கிவந்த அன்றே குப்பம் அதற்குத் தவக்களை என்று பெயர் வைத்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின். கிக்கர் அதை உதைத்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, “தங்கம்” என்றார்.

தங்கம் புகை விட்டது. வஞ்சிரத்தில் பெட்ரோல் வாசம் வருகிறது என்று ஏலத்துக்கு வந்த வியாபாரிகள் மூக்கைச் சுளித்தார்கள். மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் மணலிப் பக்கத்து ஆலைப் புகை முழுவதும் குப்பத்தின் மேல்தான் இறங்கும். அதை யார்மேல் வழக்கு வைப்பது என்று ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தெரியவில்லை. மல்லிகா அக்காவின் புகைக்கு விலாசம் இருந்தது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்குள் புகையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வண்டி கரையில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பானது.

“ஃபோர் ஸ்ட்ரோக்கு இன்ஜின் ஒன்னு வாங்கியாந்துட்டேன் கிக்கரு. மாத்திக் குடு,” என்றார் அக்கா. ஆட்டோவில் ஒரு பைக்கின் இன்ஜின் கிடந்தது.

கிக்கர் பலகையைக் காட்டினார். “படி.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுகினே காட்றியா?”

“பேப்பர் சார், படிச்சுக் காட்டு.”

படித்தேன்.

“நீ பண்ணலன்னா எவன்கிட்ட போவேன் நானு? மத்தவன்லாம் இந்த வண்டியப் பாத்தா சிரிக்கிறான்.”

“சிரிக்கட்டும். தங்கத்தக் கழட்டிட்டு தகரம் மாட்டச் சொல்றியே, நாயமாம்மே இது?”

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முறுக்கினார். சுமை தூக்குபவர்கள் வைக்கும் சும்மாடாகச் சுருட்டினார். கழுத்துப் பட்டைக்கு மேலே, தலையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே போய் நின்றார்.

கிக்கர் சற்று நேரம் ஸ்பானரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்தான்.

“அத்த எறக்கு மொதல்ல,” என்றார். அவர் சொன்னது ஆட்டோவில் இருந்த இன்ஜினையா, தலையில் இருந்த துண்டையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் இறங்கின.

பழைய இன்ஜினைக் கழற்றிய அன்று அவர் சாப்பிடவில்லை. அதை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பரணில் ஏற்றினார். புதிய இன்ஜினுக்குச் சூடம் இல்லை. ஒரு சிக்கல் மட்டும் வந்தது. தவக்களையின் பின்சக்கரத்துக்குச் செயின் வலப்பக்கம் ஓடும். பைக் இன்ஜினில் செயின் இடப்பக்கம். கிக்கர் இரண்டு பீடி குடித்து யோசித்தார். பிறகு இன்ஜினை அப்படியே முன்பின்னாகத் திருப்பி உட்கார வைத்தார். செயின் வலப்பக்கம் வந்துவிட்டது.

“இன்ஜின் பின்னால் பார்த்தமாதிரி இருக்கிறதே?” என்றேன்.

“இன்ஜினுக்கு ஏது சார் மூஞ்சி?” என்றார் கிக்கர்.

இன்ஜினில் செல்ஃப் ஸ்டார்ட் மோட்டாரும் இருந்தது. அதற்கு அவர் ஒயர் கொடுக்கவில்லை. பின்பக்கம் ஓர் இடது செருப்பைக் கட்டினார். வேலை முடிந்தது.

பரீட்சை கோயில் முன்னால் நடந்தது. கூழ் ஊற்றுவதற்கு முந்தின ஞாயிறு. குப்பம் முழுவதும் கூடியிருந்தது. பெட்ரோல் கேன்மேல் மல்லிகா அக்கா உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் கிக்கர் அதில் ஆயிலைக் கலந்துவிடுவார், புகை வந்துவிடும் என்று பயம். கிக்கர் மூன்று தடவை கேனை நெருங்கினார். மூன்று தடவையும் அக்கா எழுந்திருக்கவில்லை. கடைசியில் அக்காவே ஊற்றினார்.

பஞ்சாயத்துத் தலைவர் தன் வெள்ளைத் துண்டை சைலன்சர் வாயில் பிடிக்கச் சொன்னார். துண்டு கறுத்தால் வண்டி வெளியே. இதுதான் ஏற்பாடு.

கிக்கர் உதைக்கப் போனார். அப்போதுதான் கவனித்தார்: இன்ஜினைத் திருப்பியதில் கிக்கர் கம்பி வண்டியின் இடப்பக்கம் வந்துவிட்டது. இடது காலால் உதைப்பது அவர் அறியாத விஷயம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நிதானமாக வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். கம்பி வலது காலுக்கு வந்தது. ஓர் உதை. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

துண்டை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையாகவே இருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அக்கா வண்டியில் ஏறி, எல்லோரையும்போல முன்னால் பார்த்து உட்கார்ந்து, கியரைப் போட்டார்.

வண்டி பின்னால் போனது.

நிறுத்தினார். இரண்டாவது கியர். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதில் கூட்டம் விலகியது. நான்காவதில் கூழ்ப் பந்தலுக்கு நட்டிருந்த மூங்கில் ஒன்று சாய்ந்தது.

“டேய் கிக்கரு!” என்றார் அக்கா, அலைகளுக்குப் பக்கத்திலிருந்து. “இன்னாடா பண்ணி வச்சுகீற?”

கிக்கர் பதறவில்லை. “நான் எப்படி உக்காந்தேன்? அப்படி உக்காரு. கிக்கரு வலது காலுக்கு வருது. கியரு இடது காலுக்கு வருது. ஓட்னா மூஞ்சிக்கு நேரா போவுது. எல்லாம் கரீட்டா கீது. வண்டிதான் தப்பு.”

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“பொக வரக் கூடாதுன்னுதான் பேச்சு,” என்றார். “எந்தப் பக்கம் போவணும்னு பேச்சு கெடையாது.”

வண்டி ஜெயித்தது. மறுவாரம் கிக்கர் சீட்டைத் திருப்பினார். ஹேண்டிலை அறுத்து எதிர்ப்பக்கம் பார்க்க வைத்து வெல்டிங் அடித்தார். திரும்புகிற சக்கரங்கள் பின்னால் வந்துவிட்டன. “ஹார்பர்ல ஃபோர்க்லிஃப்ட்டு பாத்ததில்ல? அதுக்கும் பின்னாலதான் திரும்பும்” என்று விளக்கம் கொடுத்தார். ஹார்பரில் வேலை பார்த்தவர்கள் ஆமாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அக்காவுக்குக் கை பழகும்வரை இரண்டு ஐஸ் பெட்டிகளும் தலைவருடைய பிளாஸ்டிக் நாற்காலியும் சேதமாயின. தான் செய்தது தப்பு என்று கிக்கர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பின்பக்கத்தில் கட்டிய செருப்பை அவிழ்த்து மறுமுனையில் கட்டினார். அவரிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. அக்காவால் உதைக்க முடியாது. உதைத்தால் கழுத்து வரை இழுக்கும். அதனால் தினமும் படகு கரையேறும் நேரத்துக்கு கிக்கர் சைக்கிளில் வந்து, ஓர் உதை உதைத்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போவார். ஒருநாள் மகள் வீட்டு விசேஷத்துக்குப் பழவேற்காடு போய்விட்டார். கரையில் இருந்த இளவட்டங்கள் உதைத்துப் பார்த்தார்கள், தவக்களை அசையவில்லை. டெம்போ ஹாரன் அடித்தது. அக்கா துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, ஒரு பெட்டியைத் தூக்கிவிட்டார்.

திரும்பி வந்த கிக்கரிடம் இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்றே அவர் ஒரு பேட்டரியும் கொஞ்சம் ஒயரும் எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். ஹேண்டிலில் ஒரு சிவப்புப் பட்டனை வைத்தார். அவர் வாழ்நாளில் மாட்டிய ஒரே காலிங் பெல் அதுதான்.

மறுநாளும் உதைக்க வந்தார். “பட்டன்தான் கீதே, இன்னாத்துக்கு வர்ற?” என்று அக்கா கேட்டதற்கு, “பேட்டரிய நம்பக் கூடாதும்மே” என்றார்.

போன மாதம் சங்கரா மீன் வாங்க அந்தக் கரைக்குப் போயிருந்தேன். இப்போது என்னிடம் இருப்பது பேட்டரி ஸ்கூட்டர். உதைக்க அதில் எதுவும் இல்லை. கிக்கர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் டயரை லேசாகத் தட்டி, “பாவம் சார் நீ” என்றார். அவருக்கு வலது முழங்கால் போய்விட்டது. காலை மடக்குவதற்கே சுவர் வேண்டியிருக்கிறது.

படகு வந்தது. அக்கா வண்டியில் உட்கார்ந்திருந்தார். கிக்கர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கம்பியின்மேல் காலை வைத்து அழுத்தினார். ஒரு பூனைகூட அதைவிடப் பலமாக அழுத்தும். அதே நொடியில் அக்கா, கடலைப் பார்த்தபடியே, கட்டைவிரலால் சிவப்புப் பட்டனைத் தொட்டார். இன்ஜின் கிளம்பியது.

“பாத்தியா? ஒரே கிக்கு,” என்றார் கிக்கர்.

“உன்ன மாரி வருமா?” என்றார் அக்கா.

அந்தப் பட்டனை வைத்தவர் அவர்தான். செல்ஃப் மோட்டார் சுற்றும் சத்தத்துக்கும் உதைத்துக் கிளம்பும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்தும் அவருக்குத் தெரியும். அவர் தலையாட்டிவிட்டு, வலது காலை இழுத்தபடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். என் பேட்டரி ஸ்கூட்டரின் பின்னால், நான் கேட்காமலே, ஓர் இடது செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சமும் தேயாத புதுச் செருப்பு. கூடவே, இந்தத் தடவை, வலதும் இருந்தது, அதுவும் தேயவில்லை.